டெல்மர் அடித்த டெக்சாஸ் பெருமை

"பெரியவரே, உங்க டிரக்கை எடுக்கறீங்களா? என் காருக்குப் பின்னாடி குறுக்கே நிக்குது."

அந்த டெக்சாஸ் நெடுஞ்சாலை ஓட்டலில் ரெமி இப்படிக் கேட்பது இது மூன்றாவது தடவை.

டெல்மர் சாவகாசமாக, தட்டிலிருந்த ஆப்பிள் பலகாரத்தில் ஒரு விள்ளலைக் கரண்டியால் வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். தலையில் சிவப்புத் தொப்பி. அதையும் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டிருந்தார்.

"எடுக்கறேன் தம்பி. டெக்சாஸைப் பத்தி ஒரு கேள்விக்காவது சரியா பதில் சொல்லு. அடுத்த நிமிஷம் எடுத்துடறேன்."

"ஐயா, விளையாடாதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு லூசியானாவுல கிளம்பினவன் நான். அஞ்சு மணிக்கு எல் பாசோவுல இருக்கணும். என் பொண்ணு நர்ஸ் படிப்பு முடிச்சுட்டா. மேடையில அவளுக்கு பேட்ஜ் குத்திவிட வேண்டியது நான்தான். என்னை விட்டா அவளுக்கு வேற யாருமில்லை."

"இப்போ மணி என்ன?"

"பன்னெண்டு ஆகப்போகுது. இன்னும் அஞ்சு மணி நேர ஓட்டம் இருக்கு!"

"அப்போ சட்டுனு பதில் சொல்லிட்டுக் கிளம்பு."

ரெமி கோப்பையைத் தூக்கினான். அது வாய்க்குப் போகும் முன்பே சாய்ந்து, பாதிக் காபி மேஜைக்குப் போனது.

ஓட்டல்காரி வில்டா வந்து துடைத்தாள். கேட்காமலேயே ஒரு பெரிய தட்டு நிறைய வறுத்த இறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்தாள்.

"எனக்குச் சாப்பாடு வேணாம்மா. இன்னொரு காபி போதும்."

"காபி தீர்ந்துடுச்சு கண்ணு. மோர் இருக்கு."

நெடுஞ்சாலை ஓட்டலில், பட்டப்பகலில் காபி தீர்ந்துவிட்டதாம்!

"முதல் கேள்வி," என்றார் டெல்மர். "டெக்சாஸ்ல மொத்தம் எத்தனை மாவட்டம்?"

"அம்பது?"

"போச்சு! இருநூத்தி அம்பத்தி நாலு. அதுல ஒண்ணுல நூறு பேர்கூடத் தேற மாட்டாங்க. அடுத்தது. எல் பாசோவுக்கு எது கிட்ட? ஹூஸ்டனா, கலிஃபோர்னியாவுல இருக்கற சான் டியேகோவா?"

"ஹூஸ்டன்தான். ரெண்டும் ஒரே மாநிலமாச்சே."

"போச்சு! சான் டியேகோ. டெக்சாஸ்னா சும்மாவா? சரி, முதுகுல ஓட்டோட அலையுதே அர்மடில்லோ, அது ஒரு ஈத்துக்கு எத்தனை குட்டி போடும்?"

"யோவ், நான் என்ன அதுக்குப் பிரசவமா பார்த்தேன்?"

"நாலு! நாலும் ஆணா இருக்கும், இல்லேன்னா நாலும் பொண்ணா இருக்கும். அச்சு அசல் ஒரே ஜாடை. மூணும் தப்பு தம்பி. இதுக்குத் தண்டனை, இருநூத்தி அம்பத்தி நாலு மாவட்டத்தையும் அகர வரிசையில கேக்கணும்."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற அதே இழுவை.

"ஆண்டர்சன்... ஆண்ட்ரூஸ்... ஏஞ்சலினா... அரான்சஸ்... ஆர்ச்சர்... ஆர்ம்ஸ்ட்ராங்..."

இப்படி ஒரு தற்பெருமைக் கிழத்தை ரெமி ஜென்மத்தில் பார்த்ததில்லை. போலீஸைக் கூப்பிடலாமா? போன் எந்தப் பையில்...

"பெய்லி... பாண்டெரா... பாஸ்ட்ராப்... பெய்லர்..."

விழித்துப் பார்த்தபோது சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது காட்டியது.

ரெமி துள்ளி எழுந்தான். தலைக்கடியில் யாருடைய மேல்கோட்டோ மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஓட்டல் நிறைய ஆட்கள் இருந்தும் சத்தமே இல்லை. பக்கத்து மேஜையில் ஒரு லாரி டிரைவர், ரகசியம் பேசுவதுபோல முட்டை கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே டெல்மரின் டிரக் ஏற்கெனவே வழிவிட்டு விலகி நின்றது.

"அடப்பாவி மனுஷா! என் பொண்ணு மேடையில தனியா நிப்பாளே! உன் ஊர்ப் பெருமைக்கு நான்தானா கிடைச்சேன்?"

டெல்மர் அசரவில்லை.

"கடைசிக் கேள்வி. எல் பாசோவுல இப்போ மணி என்ன?"

"இங்க என்னவோ அதேதான்! பன்னெண்டு அம்பது!"

"போச்சு! பதினொண்ணு அம்பது. ஒரு கடிகாரம் பத்தாத மாநிலம் தம்பி இது. மேற்கு ஓரத்துல ஒரு மணி நேரம் பின்னாடி ஓடும். இப்போ கிளம்பினாலும் அவங்க கணக்குக்கு நாலு அம்பதுக்கு மேடைகிட்ட நிப்பே."

ரெமி பொத்தென்று உட்கார்ந்தான்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா தூங்கியிருப்பியா? ஒரு மணி நேரம் மிச்சம்னு அப்பவே கிளம்பியிருப்பே. அடுத்து ஒரு ஊருன்னு வர நூறு மைல் ஆகும். அதோ பாரு, நீ வர்றதுக்கு முன்னாடி அந்தத் தபால் பெட்டி நட்டமா நின்னுச்சு."

ரெமி எட்டிப் பார்த்தான். தபால் பெட்டி அவனுடைய காரின் மூக்குக்கடியில் மல்லாந்து கிடந்தது. இடித்தது அவனுக்குத் தெரியவே இல்லை.

வில்டா ஒரு பிளாஸ்க் நிறையக் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"தீர்ந்துடுச்சுன்னீங்களே?"

"இப்போ வந்துடுச்சு."

ரெமி ஒரு வாய் குடித்தான். ஒரு சொட்டும் சிந்தவில்லை. கண்தான் கலங்கியது.

"பெரியவரே, டெக்சாஸ்காரங்க பெருமையடிப்பாங்கன்னு கேலி பண்ணியிருக்கேன். இனிமே பண்ண மாட்டேன்."

"யாரைப் பார்த்து டெக்சாஸ்காரன்கிறே?"

டெல்மர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். உள்பக்கத்தை உள்ளே தள்ளி, சரியாகப் போட்டுக்கொண்டார். நெற்றிக்கு மேலே கொட்டை எழுத்தில் இருந்தது: ஓக்லஹோமா.

"பக்கத்து மாநிலத்துக்காரர் கண்ணு. ஃபுட்பால் நடந்தா எங்க டெக்சாஸ் தோக்கணும்னே வேண்டிக்கற மனுஷன்," என்றாள் வில்டா. "தூங்கி வழிஞ்சுக்கிட்டு வண்டி ஓட்டி வர்றவங்களுக்கு ஒரு தாலாட்டு வேணும்னு, இருநூத்தி அம்பத்தி நாலையும் ஒரு வருஷம் உக்காந்து மனப்பாடம் பண்ணினார்."