மதாரின் இங்கிலீஷ்

“மாமா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

ருக்ஸானா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அய்யப்பன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

சவுதியிலிருந்து லீவில் ஊர் வந்த மறுநாளே, உப்பூரில் பஸ் ஏறிப் பெரியபட்டினம் வந்திருந்தார். அங்கே கூடத் தங்கியிருந்த மதாரின் பெட்டியை அவர் வீட்டில் சேர்க்க வேண்டும். பெட்டிதான் வந்தது. மதாரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

மதாரின் மனைவி நஃபீசா, புருஷன் மவுத்தானபின் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள். அந்நிய ஆண் முன்னால் வரக் கூடாது. திரைக்குப் பின்னாலிருந்து அழுகை மட்டும் கேட்டது. துணித் திரையைப் பார்த்து என்னவென்று ஆறுதல் சொல்வது?

“தெரியாது தாயி. உங்க வாப்பா அளவுக்கு எனக்கு எங்கிட்டு வரும்?”

நெஞ்சறிந்த பொய்.

மதாருக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த மனுஷன் வாய் சும்மா இருந்ததா? மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில், வாப்பாவுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு என்று போனில் அளந்துவிட்டார். பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஆனால் வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடும்.

மாட்டிக்கொண்டது பி.ஏ. படித்த அய்யப்பன். இரண்டு பேருக்கும் ஒரே அறை, மேலும் கீழுமாகக் கட்டில். கீழ்க்கட்டிலில் இருந்து அய்யப்பன் ஒவ்வொரு வரியாகக் கிசுகிசுப்பார். மேல்கட்டிலில் மதார் அதை வாய்ஸ் மெசேஜில் ஹெட்மாஸ்டர் கணக்காக முழங்குவார். முடித்ததும் ஒரு சிரிப்பு. கல்யாண வீட்டு மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோதும், மகளுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் கையைப் பிடித்தார்.

ருக்ஸானா நோட்டை நீட்டினாள். குடிதண்ணீர் கேட்டுக் கலெக்டருக்கு ஒரு கடிதம். தண்ணியில்லாத இந்தச் சீமைப் பிள்ளைகளுக்கு அதில் கற்பனைக்கு வேலையே இல்லை. இருந்தும் இரண்டு வரியோடு நின்றிருந்தாள். இரண்டிலும் தப்பு.

அய்யப்பனின் விரல் துடித்தது. வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். செத்தவருக்குக் கொடுத்த வாக்கு ஆயிற்றே.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து எதையோ அழுத்தினாள்.

வீடு முழுக்க மதாரின் குரல். திரைக்குப் பின்னால் அழுகை சட்டென்று நின்றது.

“நல்லாக் கேளுங்க மாமா. வாப்பா சொல்றதுக்கு முன்னாடி இன்னொரு குரல் கேக்கும்.”

கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால், கொசு முனகுவதுபோல, அய்யப்பனின் குரல்.

“சின்னப்பிள்ளையிலயே கண்டுபிடிச்சிட்டேன். சொன்னா வாப்பா வெக்கப்பட்டு நிறுத்திருவாகன்னு சொல்லல.”

அய்யப்பனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பாவி மனுஷன், இது தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாரே.

ருக்ஸானா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

“நீங்க எப்பவும் போல மெதுவாச் சொல்லுங்க மாமா. வாப்பா மாதிரி நான் சத்தமாச் சொல்லி எழுதிக்கிறேன்.”

அய்யப்பன் முதல் வரியைக் கிசுகிசுத்தார்.

சொல்லிவிட்டு, பழக்கத்தில், மதார் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.