துண்டு போட்ட நாற்காலி

தொற்றுநோய்க்குப் பயந்து பயணிகளை இறக்கிவிட்ட ஓர் உல்லாசக் கப்பல், மாலுமிகளை மட்டும் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. மேல்தளத்து நாற்காலிகளை மடக்கி உள்ளே அடுக்கிவிட்டார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். அதன்மேல் யாரோ ஒரு பயணி துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார். துண்டு கிடக்கும் இடத்தைத் தொடுவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. ஆனாலும் யாரும் தொடுவதில்லை.

"அவர்தான் ஊருக்கே போய்விட்டாரே! நீ நழுவி விழுந்து தொலைத்தால் என்னையும் உள்ளே கொண்டுபோவார்கள். உப்புக்காற்றில் மூட்டெல்லாம் துருப்பிடிக்கிறது" என்றது நாற்காலி.

"அதெப்படி? வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?" என்றது துண்டு.

"கப்பலில் பயணியே இல்லை. யாரிடமிருந்து இடத்தைக் காப்பாற்றுகிறாய்?"

அந்த நேரம் பார்த்து ஒரு கடற்பறவை உட்கார வந்தது.

"ஆள் வருது!" என்று அதட்டியது துண்டு.

"புயலும் வருது" என்று சொல்லிவிட்டுப் பறவை கரைப்பக்கம் பறந்தது.

மாலையில் காற்று வலுத்தது. மழைக்கோட்டு மாட்டிய மாலுமி ஒருவர் ஓடிவந்தார். நாற்காலிக்கு உயிர் வந்தது. "ஐயா, சீக்கிரம் மடக்குங்கள்!" என்று கிறீச்சிட்டது. அவர் குனிந்து, துண்டு பறந்துவிடாமல் இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினார். இழுத்துப் பார்த்துத் திருப்தியானதும் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பார்த்தாயா? மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்றது துண்டு.

முதல் அலை தளத்தின்மேல் ஏறி வந்தது.

"எழுந்து நில்லு. உன் ஆள் வந்துவிட்டார்" என்றது நாற்காலி.