சத்தமில்லாத உருளைகள்

புது உருளைகள் மாட்டியதிலிருந்து மனைவி செண்பகவல்லி ஏன் தினமும் சுரங்க வாசலில் வந்து நிற்கிறாள் என்று என்ஜினீயர் இசக்கிமுத்துவுக்குப் புரியவே இல்லை.

"சார், அம்மா இன்னிக்கும் வந்து நின்னுகினு இருக்காங்க. சாப்பாட்டு கேரியரை மறந்துட்டீங்களா?" என்று சிரித்தார் காவலாளி சிங்காரவேல்.

கேரியர் காலையிலேயே வந்துவிட்டது.

"காது கிழியுது" என்று குவார்ட்டர்ஸில் அவள் புலம்பியதால்தான், சுரங்கத்திலிருந்து வரும் கன்வேயர் பெல்ட்டைத் தாங்கும் கனத்த உருளைகளுக்குப் பதிலாக, தூசி புகுந்து கிறீச்சிடாத லேசான உருளைகளைச் செய்தார். பெல்ட் இப்போது பூனைபோல் ஓடியது.

"இப்பதான் நிம்மதியாச்சே, ஏன் வர்றே?" என்று வாசலுக்கு வந்து அவளைக் கேட்டார்.

"நிம்மதியா? சத்தம் நின்னாலே உள்ளே என்னாச்சோன்னு எங்க பிளாக்கே பதறும். இப்ப ஓடுதா, நின்னுச்சான்னே தெரியலியே! உங்களைக் கண்ணால பார்த்தாத்தான் எனக்கு உசிரு வருது."



மறுநாள், குவார்ட்டர்ஸை ஒட்டிப் போகும் பெல்ட்டில், கிறீச்சிடும் பழைய உருளை ஒன்றைத் திரும்ப மாட்டினார்.