மூன்றாம் எண் ரொட்டி

ரொட்டிக்கடை லஸ்ஹர் எனக்குச் செய்த அநியாயங்களை வரிசை தப்பாமல் சொல்கிறேன்.

ஒன்று: சுரங்க வேலைநிறுத்தத்தின்போது ஊரே கடையடைத்துக் கிடக்க, இவன் அடுப்பு மட்டும் புகைந்தது. கேட்டதற்கு, "ஊருக்குப் பசிக்குதே" என்றான். பசியெல்லாம் ஒரு காரணமா?

இரண்டு: கடைச் சுவரில் ஒட்டச் சொல்லி என் துண்டறிக்கைகளைக் கொடுத்தேன். அதில் ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தான். அன்றுதான் ஊர் முழுக்க அதைப் படித்தது என்பது வேறு விஷயம்.

மூன்று: இரண்டு வருடத்துக்கு முன், எனக்குச் சீலியாக் நோய், இனி கோதுமை ஒரு துகள்கூட வயிற்றுக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொன்ன வாரம். பழக்கதோஷத்தில் அவன் கடைப்படியில் கால் வைத்துவிட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், அடுப்பில் ரொட்டி தள்ளும் நீளக் கட்டையை என் நெஞ்சில் வைத்து, "வெளியே போ! உள்ளே வராதே!" என்று தள்ளினான்.

நான்கு: அன்றிலிருந்து வியாழன்தோறும் மதியமே கடையைச் சாத்திவிட்டு, தோளில் துண்டோடு மாப்பிள்ளை மாதிரி ஹம்மாமில் வெந்நீர்க் குளியலுக்குப் போகிறான். ரொட்டிக்கு நிற்கும் ஜனம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறது.

எங்கள் ஊரில் கோதுமை ஆகாதவர்கள் நாற்பத்தொரு பேர். எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு, தலைவர் நான்தான். மாதம் ஒருமுறை பஸ்ஸில் வரும் பிளாஸ்டிக் உறை ரொட்டிதான் எங்களுக்குக் கதி. மோந்தால் அட்டைப்பெட்டி வாசனை. பிய்த்தால் பிய்யாது, உதிரும். குழம்பில் தோய்த்தால் கரைந்துவிடும். பிறகு அதைக் கரண்டியால் தேட வேண்டும்.

பதினேழு மனுப் போட்டு, மருத்துவமனையில் ஒரு தனி அறையும் அடுப்பும் வாங்கினேன். இன்றைக்குள் சுடுகிற ஆளைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அடுப்பு தலைநகருக்குத் திரும்பிப் போய்விடும்.

அதனால் அந்த அறையிலேயே இன்று போட்டி. நான்கு ரொட்டி, நான்கு எண், செய்தவர் பெயரும் செய்முறையும் எழுதிய தாளை உள்ளே வைத்து ஒட்டிய நான்கு உறை. விதிகள் நான் எழுதியவை. ஏழாம் விதி: வென்றவர் தாளைத் தலைவர் எழுந்து நின்று, சாட்சிகள் முன் உரக்கப் படிக்க வேண்டும், படித்த பெயரை யாரும் மறுக்கக் கூடாது. மூடிய அறைத் தேர்வுகளில் வென்றவர்கள் பெயர் எத்தனையை முழுங்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆரம்பிக்கும்போது வாசலில் லஸ்ஹர். தலையெல்லாம் மாவு.

"என்னடா, வேடிக்கை பார்க்க வந்தியா? உள்ளே வர வெட்கமா இருக்கா?"

"இங்கேயே நிக்கிறேன் பெல்காசிம். உன் வேலையைப் பாரு."

முதல் எண்ணைக் கடித்தேன். சுண்ணாம்பு. இரண்டாம் எண்ணில் முட்டை வாடை. நான்காம் எண் மேஜையில் விழுந்தபோது மேஜைக்குத்தான் அடி.

மூன்றாம் எண்ணை இரண்டாக உடைத்தேன். 'சர்ரக்' என்று மேலோடு சத்தம் போட்டது. உள்ளே ஈரம் இருந்தது, இழை இருந்தது. பிய்த்தேன், பிய்ந்தது! ஹரிஸா மிளகாய் விழுதும் எண்ணெயும் ஊற்றிய தட்டை அதால் வழித்தேன். உடையாமல் வாய்வரை வந்து சேர்ந்தது.

எங்கள் செயலாளர் தலீலா டீச்சர் பிறந்ததிலிருந்தே கோதுமை அறியாதவர். துண்டை மூக்கருகே வைத்துக்கொண்டு, மென்றுகொண்டே இருந்தார்.

"மதிப்பெண் போடும்மா" என்றேன்.

"எதோட ஒப்பிட்டுப் போடறது அண்ணே? ரொட்டின்னா இப்படியா இருக்கும்? இதுக்காகத்தான் எல்லாரும் வரிசையில நிக்கிறாங்களா?"

நாற்பத்தொரு ஓட்டும் மூன்றுக்கே. மேஜையைத் தட்டி முழங்கினேன்.

"தோழர்களே! இந்த ரொட்டியைச் செய்தவர் உண்மையான உழைப்பாளி. சில கடைக்காரர்கள் மாதிரி நோயாளியை நெஞ்சில் குத்தி விரட்டுகிறவர் இல்லை!"

வாசலைப் பார்த்தேன். அவன் காதைச் சொறிந்துகொண்டிருந்தான்.

எழுந்து நின்று உறையைக் கிழித்தேன். 'கோதுமை படாமல் எப்படிச் செய்தீர்கள்?' என்ற கேள்விக்கான பதில் முதலில்.

"'சோளமாவு, ஊறவைத்த ஆளிவிதை. என் தலைமுடி, நகம், துணி எல்லாம் கோதுமை மாவு. ஆகவே வியாழன் மதியம் கடையைச் சாத்தி, ஹம்மாமில் குளித்து...'"

என் குரல் இறங்கியது.

"படிங்க அண்ணே" என்றார் தலீலா.

"'...புதுத்துணி உடுத்தி, அக்கா வீட்டு அடுப்பில் சுடுகிறேன். அந்த வீட்டில் கோதுமையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. மச்சான் இன்னும் திட்டுகிறார். முதல் எழுபது ரொட்டிகளை ஆடுகூடத் தொடவில்லை. கடைக்குள் காற்றிலேயே மாவு பறக்கும். அதனால் நோய் வந்த நண்பரை உள்ளே விடாமல் கட்டையால் தள்ளினேன். காரணம் சொல்வதற்குள் அவர் கண்டனத் துண்டறிக்கை எழுதப் போய்விட்டார். தள்ளியவன் பதிலுக்கு ஒரு ரொட்டி தர வேண்டாமா?'"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். நான் தாளை மடிக்கப் பார்த்தேன்.

"அண்ணே, ஏழாம் விதி."

"தெரியும்மா."

பெயரைப் படித்தேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா படி பெல்காசிம்" என்றான் வாசலில் நின்றவன். "உடம்பெல்லாம் மாவு. கிட்ட வந்து கேட்க முடியாது."

நெஞ்சை நிமிர்த்தி, நாற்பது சாட்சிகளுக்கும் வாசலுக்கும் கேட்கும்படி படித்தேன்:

"லஸ்ஹர் பின் அமோர்!"