அணில் இல்லாத தோப்பு

"உங்க தோப்புல அணில் சத்தமே இல்லையே, ஏங்க?" என்று தவமணியிடம் கேட்டாள் நஸ்ரீன். பேராவூரணி கோகோ விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்தவள் அவள்தான்.

தவமணி தலைகுனிந்தாள். அவள் கணவன் மாசிலாமணி முந்திக்கொண்டான். "நீங்க சொன்னபடி கோகோவுக்கு ஒரு சொட்டு மருந்து அடிக்கலைங்க மேடம். போன தடவை மருந்து இருக்குன்னு கொட்டையைத் திருப்பிட்டாங்க. இந்தத் தடவையாவது வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க எடுத்துக்குவாங்கள்ல?"

அவன் வெட்டித் தந்த இளநீரைக் குடித்தபடி நஸ்ரீன் தென்னைகளுக்கு நடுவே வளர்ந்திருந்த கோகோ மரங்களின் காய்களைப் பார்த்தாள். ஒன்றில்கூட அணில் பல் படவில்லை.

"அணிலெல்லாம் எங்கேங்க?"

"கடிச்ச இளநீர் பக்கத்துலயே செத்துக் கிடந்துச்சுங்க. பதினோரு அணிலைப் புதைச்சேன்" என்றாள் தவமணி மெதுவாக.

"தென்னைக்கு என்ன செஞ்சீங்க?"

"போன வாரம் பூச்சி மருந்தைப் பையில ஊத்தி வேர்ல கட்டினோம், மரம் உறிஞ்சிக் காய் வரைக்கும் ஏத்திக்கும்" என்று சிரித்தான் மாசிலாமணி. "நீங்க கோகோவுக்குத்தானே வேணாம்னீங்க?"

நஸ்ரீன் கையிலிருந்த இளநீரைப் பார்த்தாள். பாதிக்கு மேல் குடித்திருந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வேகமாக நடந்தாள்.