மாசாணிக்கு அரைத்த மிளகாய்

சாந்தாமணியின் பாஸ்போர்ட்டைக் காணவில்லை. தாய்லாந்தில் நடக்கும் ஆசியப் பெண்கள் வாலிபால் போட்டிக்குப் போகும் இந்திய அணியோடு சேர, அவளுக்கு மறுநாள் ரயில்.

அப்பா சென்னியப்பன்தான் மும்முரமாகத் தேடினார். அதை மாட்டுக் கொட்டகையில் பருத்திக்கொட்டை மூட்டைக்குள் ஒளித்தவரும் அவரேதான். டவுசர் போட்டு ஊர் உலகமெல்லாம் ஆடுகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று அவருக்குக் கவலை.

"நான் ஆனைமலை போய் மாசாணியம்மனுக்கு மொளகாய் அரைச்சுப் பூசிப்போட்டு வாரேனுங்க," என்றாள் மனைவி தெய்வாத்தாள். "எடுத்தவன் ஒடம்பு எரிஞ்சு தானாக் கொண்டாந்து குடுப்பான்."

"இதுக்குப் போயி அம்மனைத் தொந்தரவு பண்ணோணுமா?"

அவள் கேட்கவில்லை. போய்விட்டு மத்தியானம் வந்து சோறு போட்டாள். பயத்தில் எதைத் தின்கிறோம் என்றே தெரியாமல் அவர் அள்ளி விழுங்கினார்.

சாயங்காலம் வயிறு திகுதிகுவென்று எரிந்தது. நெஞ்சும் எரிந்தது. மாட்டுக் கொட்டகைக்கு ஓடினார்.

"இந்தா கண்ணு, மூட்டைக்கடியில கெடந்துச்சு."

மறுநாள் மகளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது மெல்லக் கேட்டார். "கோயில்ல நல்ல கூட்டமா?"

"ஆருக்குத் தெரியும்? நான் சிங்காநல்லூர்ல தங்கச்சி ஊட்டுலதான உக்காந்திருந்தேன். ஊடு பூராத் தேடுன நீங்க அந்த மூட்டைப் பக்கம் மட்டும் போகவேயில்லீங்களே."

"அப்ப மொளகாய் அரைக்கலியா?"

"அரைச்சனுங்க. அத்தனையும் உங்க கொழம்புலதான் போட்டேன். வாங்க, மோர் கரைச்சுத் தாரேன்."