புதுசு யாருக்கு?

“ரெண்டுல எது நல்ல கேமரான்னு நீங்களே சொல்லிருங்க ரஃபிண்ணே. நீங்க சொன்னா ரெண்டு பேரும் ஒத்துக்கிருவோம்” என்று இரண்டு கேமராக்களையும் கண்ணாடி மேசைமேல் வைத்தான் மகிழன். பக்கத்தில் அவன் மனைவி நாகஜோதி.

ரஃபிக்கு வாயெல்லாம் பல். தேனி மதுரை ரோட்டில் பதினெட்டு வருஷமாகக் கேமராக் கடை வைத்திருக்கிறார். செல்போன் வந்த பிறகு, கேமராவுக்கு நியாயம் கேட்டு ஒரு ஜோடி படியேறுவதெல்லாம் அத்தி பூத்தாற்போலத்தான். அதிலும் பழசு அவர் கையால் விற்றது.

“இதை மறப்பேனா மாப்ள? கல்யாணமாகிப் பத்தாவது நாள் வந்தீக. கூட்டாளிக குடுத்த மொய்க் கவரையெல்லாம் இங்கன வச்சுத்தான் பிரிச்சீக. தங்கச்சி கையில மருதாணிகூட அழியல.”

நாகஜோதி லேசாகச் சிரித்தாள். “நீங்கதாண்ணே சொன்னீக, சின்னக் கேமராவுக்குள்ள பெரிய கேமராவோட சென்சார் இருக்குன்னு.”

“பொய்யா சொன்னேன்?” என்று பழசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூலைகளில் கறுப்பு உதிர்ந்து உலோகம் தெரிந்தது. சுருளி அருவியில் நனைந்த கேமரா. மேகமலைப் பாறையில் உருண்ட கேமரா. ஒவ்வொரு தடவையும் ரிப்பேருக்குக் கொண்டுவந்து, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு, அரை மணி நேரம் கதை சொல்லிவிட்டுத்தான் இருவரும் போவார்கள். பதினோரு வருஷம்! அந்த நாட்களை நினைக்க ரஃபிக்கு ஏக்கமாகவே இருந்தது. அப்போது அவர் தலையிலும் முடி இருந்தது.

“புதுசை மட்டும் எனக்குத் தெரியாம ஆன்லைன்ல வாங்கிட்டீக” என்று ஒரு குத்துக் குத்தினார். “அது போகட்டும். இப்ப எதுக்கு இந்தப் பஞ்சாயத்து?”

“ஜோதி அவுக ஊரு மயிலாடும்பாறை ஸ்கூலுக்கு மாறுதல் வாங்கியிருக்காண்ணே. அங்கனயே தங்கப் போறா. அதான், ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கிரலாம்னு.”

ரஃபி முதலில் இரண்டையும் கம்ப்யூட்டரில் மாட்டி, இதுவரை எத்தனை படம் ஓடியிருக்கிறது என்று பார்த்தார். எந்தக் கேமரா வந்தாலும் அதுதான் அவர் வழக்கம். பழசு இருபத்தாறாயிரத்துச் சொச்சம். புதுசு வாங்கி இரண்டு வருஷமாகிறது, வெறும் முப்பத்தெட்டே படம்.

“என்ன மாப்ள, பொட்டிய விட்டே எடுக்கலையா?”

“நேரமில்லண்ணே.”

உண்மைதான். அவள் டீச்சர். அவனுக்கு ஏலக்காய் வியாபாரம், பாதி நாள் மலையில். ரஃபி தலையாட்டிக்கொண்டார்.

இருவரையும் கடைப்படியில் நிறுத்தி, இரண்டு கேமராவிலும் ஒரே மாதிரி படம் எடுத்தார். “இன்னும் ஒட்டி நில்லுங்க. புதுப்பொண்ணு மாப்பிள்ளையா, கூச்சப்பட?”

படங்களைத் திரையில் அக்கம்பக்கமாகப் போட்டார். “பழசுல கலரு இப்பவும் தங்கம். ஆனா ஃபோகஸ் ஆகுறதுக்குள்ள பின்னாடி நின்ன பஸ்ஸே போயிருச்சு பாருங்க. நிழல்ல புள்ளி புள்ளியா வருது. புதுசு அப்படியில்ல. டக்குன்னு புடிக்குது. மாப்ளையோட நரைமுடியக்கூட எண்ணிரலாம். புதுசுதான் ஒசத்தி. அதுல சந்தேகமே இல்ல.”

“அப்பப் புதுசை நீ வச்சுக்க ஜோதி” என்றான் மகிழன் உடனே. “ஸ்கூல் ஆண்டு விழாவுக்கெல்லாம் ஆகும்.”

“எனக்கெதுக்கு? நீங்கதான் மலையில தோட்டந்தோட்டமா அலையுறீக. சாரலைத் தாங்குறது புதுசுதான். நீங்களே வச்சுக்கங்க.”

“பழசை வச்சு என்ன பண்ணுவ? பேட்டரி ஒரு மணி நேரம் நிக்காது.”

“நிக்கலைன்னா சார்ஜ் போட்டுக்கிறேன். நல்லது உங்ககிட்ட இருக்கட்டும்.”

இப்படியும் ஒரு புருஷன் பெண்டாட்டியா என்று ரஃபிக்கு மனசு குளிர்ந்தது. அவர் வீட்டில் டிவி ரிமோட்டுக்கே அவருக்கும் மனைவி ரம்லத்துக்கும் தினம் ஒரு யுத்தம். இங்கே என்னடாவென்றால் விலை கூடியதை நீ எடு, நீ எடு என்று தள்ளிவிடுகிறார்கள். கண்ணேறு பட்டுவிடக் கூடாதே என்று மனசுக்குள் துஆ செய்துகொண்டார்.

“இப்படியே பேசுனா விடியாது. சீட்டுக் குலுக்கிருவோம்” என்று பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தார். ‘புதுசு’, ‘பழசு’ என்று எழுதிச் சுருட்டிக் காலி டப்பாவில் போட்டுக் குலுக்கினார். “எடு தங்கச்சி.”

நாகஜோதி இரண்டு சுருளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகிழனின் கண் அவள் விரலைவிட்டு நகரவில்லை. கடைசியில் ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

புதுசு.

“அடிச்சது அதிர்ஷ்டம்!” என்று கை தட்டினார் ரஃபி. அவர் மட்டும்தான் தட்டினார். நாகஜோதியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. மகிழன் பழசை எடுத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான், தலை நிமிரவில்லை.

“அட, புதுசு கெடச்சதுக்கு யாராச்சும் அழுவாகளா? மாப்ளைக்குப் பழசு போயிருச்சேன்னு வருத்தமா? லீவுக்கு வரும்போது மாத்தி மாத்தி வச்சுக்கங்கம்மா!”

“லீவுக்கெல்லாம் வரமாட்டாண்ணே” என்றான் மகிழன். “போன வாரம் கோர்ட்டுல எங்களைப் பிரிச்சு விட்டாக. சீர்ப் பாத்திரம், கட்டில், பீரோ எல்லாத்தையும் ஒரு சண்டை இல்லாமத் திருப்பிக் குடுத்தாச்சு. இந்தப் பழசை விட்டுக்குடுக்கத்தான் ரெண்டு பேருக்குமே மனசு வரல.”